வெள்ளைக்காரன் மூளையாம்!



இது நீளமான பதிவு. பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இப்போதே போட்டுவிட்டு ஓடலாம். மீதிப் பேர் உட்கார்ந்து வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரியல் ஆட்டம் என்ற காரின் வீடியோ ஒன்றைப் பகிர்ந்திருந்தேன். (ஆட்டம் என்றால் அணு. நம்ம ஊர்க் கொடை விழா ஆட்டம் இல்லை.) அந்தக் காருக்குக் கதவு கிடையாது, கூரை கிடையாது, சாதாரணமாக முன்கண்ணாடிகூடக் கிடையாது. இரும்புக் குழாய்களை வளைத்து வெல்டு செய்த ஒரு கூடு. அதற்குள் ரெண்டு இருக்கை, பின்னால் எஞ்சின். அவ்வளவுதான். ஆனால் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை மூன்று விநாடிக்குள் தொட்டுவிடும்.

அதன் கீழே வந்த கருத்துகள் மூன்றை மட்டும் சொல்கிறேன். துபாயில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன்: "டீச்சர், வெள்ளைக்காரன் மூளையே வேற. நம்மாளுக்கு வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டத்தான் தெரியும்." அதற்கு முப்பத்துச் சொச்சம் பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். என் மருமகன் (அண்ணன் மகன்): "அத்தே, மழை பெஞ்சா என்ன செய்யது? ரெண்டு பேருக்கு மேல ஏற முடியாத வண்டி என்னத்துக்கு?" மூன்றாவது ஆள் ஒரே வரிதான் கேட்டிருந்தார்: "மைலேஜ் எவ்வளவு டீச்சர்?"

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இந்த மூன்று வாக்கியத்தையும்தான் நான் நாற்பது வருடமாக வெவ்வேறு வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ நல்ல பிள்ளைகளின் கையைக் கட்டிப்போட்ட வாக்கியங்கள் இவை. அதனால் இன்றைக்குக் கொஞ்சம் சண்டை போடலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் அந்த "வெள்ளைக்காரன் மூளை" எங்கே இருந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் கோவென்ட்ரி பல்கலைக்கழகம் என்று ஒன்று. அங்கே வாகன வடிவமைப்பு படித்த நிக்கி ஸ்மார்ட் என்ற மாணவரின் புராஜெக்ட்தான் இந்தக் கார். 1996இல் எடை குறைந்த விளையாட்டுக் கார் என்ற பேரில் அதை பர்மிங்காம் மோட்டார் கண்காட்சியில் வைத்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்த சைமன் சாண்டர்ஸ் என்ற ஆசிரியர், மதிப்பெண் போட்டு மூலையில் வைத்துவிட்டுப் போகவில்லை. அந்தப் புராஜெக்டையே வைத்துக் கம்பெனி நடத்தினார். சாமர்செட் கவுண்டியில் க்ரூகெர்ன் என்ற சின்ன ஊர். ஏறக்குறைய முப்பது பேர் வேலை செய்கிற பட்டறை. வருடத்துக்குச் சுமார் நூறு கார். ஒரு காரை ஒரே மெக்கானிக் முதலிலிருந்து கடைசி வரை பூட்டி முடிக்கிறார்.

எஞ்சின்? அவர்கள் செய்வதில்லை. ஹோண்டா சிவிக் காருக்கு ஜப்பான்காரன் செய்த எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்துகிறார்கள். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, ஒரு மாணவர், ஒரு வாத்தியார், ஒரு பட்டறை, கடையில் வாங்கின எஞ்சின். இதில் தனி மூளை எங்கே இருக்கிறது மக்கா? குழாயை வளைக்கத் தெரிந்தவன் வடசேரியில் இல்லையா, டிக் வெல்டிங் பிடிக்கிறவன் கோட்டாறில் இல்லையா?

இனிக் கணக்குக்கு வருவோம். ஏழாம் வகுப்பில் விசை, நிறை, முடுக்கம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? பழைய மாருதி 800 காருக்கு எடை சுமார் 650 கிலோ, சக்தி 37 குதிரை. ஒரு கிலோவுக்கு 0.057 குதிரை. 2018இல் வந்த ஆட்டம் 4 என்ற மாதிரிக்கு எடை 595 கிலோ, சக்தி 320 குதிரை. ஒரு கிலோவுக்கு 0.54. ஒன்பது மடங்குக்கு மேல். குதிரையைக் கூட்டுவதற்குக் காசு வேண்டும், பெட்ரோல் வேண்டும். எடையைக் குறைப்பதற்கு யோசனை மட்டும் போதும். எடை குறைந்தால் பிரேக் சின்னது போதும், டயர் சின்னது போதும், வளைவில் வண்டி வெளியே தள்ளாது. லோட்டஸ் கம்பெனியை ஆரம்பித்த காலின் சாப்மன் 1950களிலேயே இந்த ஒரே கொள்கையில் நின்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய கம்பெனிகளைப் பந்தயத்தில் தோற்கடித்தார். 1957இல் அவர் காட்டிய எலீட் என்ற காரில் இரும்புச் சட்டகமே கிடையாது. முழு உடம்பும் கண்ணாடி இழை. நாம் ஃபைபர் என்கிறோமே, அதேதான்.

ஃபைபர் என்றதும் எனக்கு நம் கடற்கரைதான் ஞாபகம் வருகிறது. பத்தொன்பது வருடம் கடற்கரைப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். துறைமுகம் இல்லாத கரை, அலை அடிக்கிற மணல். வள்ளத்தை நாலு பேர் தள்ளிக் கரையேற்ற வேண்டும், அலை விழுகிற இடைவெளியில் கடலுக்குள் இறக்க வேண்டும். கனத்த வள்ளம் அங்கே ஆளைக் கொல்லும். எடை குறைவாக இருக்க வேண்டும், ஆனால் அலை அறைந்தாலும் பிளக்கக் கூடாது. காலின் சாப்மனுக்கு இருந்த அதே கணக்கு. அவர் பிறப்பதற்குப் பல நூறு வருடம் முன்பே நம் ஆட்கள் லேசான மரத்தைத் தேர்ந்து செதுக்கிக் கயிற்றால் கட்டிக் கட்டுமரம் செய்தார்கள். அந்தச் சொல்லை இங்கிலீஷ்காரன் தூக்கிக்கொண்டு போய் இன்றைக்கும் வைத்திருக்கிறான். மரம் கிடைப்பது அரிதாகிப்போன 1980களில் முட்டத்தில் பிளைவுட் தாள்களை வெட்டி, கம்பியால் தைத்து, பசை வைத்து வள்ளம் கட்டினார்கள். பியர் ஜிலே என்ற பெல்ஜியக்காரர் வந்து நம் தச்சர்களோடு சேர்ந்து செய்த வேலை அது. அதற்குப் பிறகு ஃபைபர் வந்தது. வெளியிலிருந்து வந்த அவுட்போர்டு எஞ்சினை வாங்கி மாட்டினார்கள். அதற்காக யாராவது "வள்ளம் ஜப்பான்காரன் மூளை" என்று சொன்னார்களா? நம்ம வள்ளம் என்றுதான் சொன்னார்கள்.

குளச்சலில் ஃபைபர் வள்ளத்துக்கு அச்சு எடுத்துப் பிசின் பூசுகிற கைக்கு, கார் உடம்பு செய்யத் தெரியாது என்று எந்த மடையன் சொல்வான்?

சரி, "தமிழ்நாட்டில் யார் செய்தார்கள்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஜி.டி.நாயுடு. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ரேசர், மோட்டார் என்று என்னவெல்லாமோ செய்த கோவைக்காரர், 1952இல் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். விலை 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. தயாரிப்பு நின்றது. அவ்வளவுதான் கதை. அந்தக் கார் ஓடவில்லை என்பதற்காக நிற்கவில்லை. மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகவும் நிற்கவில்லை. டில்லியிலிருந்து ஒரு தாள் வராததற்காக நின்றது. அடுத்த முப்பது வருடம் நாம் அம்பாசடரையும் ஃபியட்டையும் பார்த்துக்கொண்டு, புக்கிங் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடந்தோம்.

இரண்டாவது ஆள், அதே கோவையின் எஸ்.கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பம். சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் தானே கார் ஓட்டியவர். 1988 வாக்கில் இவர் என்ன செய்தார் தெரியுமா? மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கை வைத்த லேசான பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதி இல்லாத பையன்களும் ஓட்டக்கூடிய விலையில். நம் வீட்டு வாசலில் நின்ற அதே மாருதி எஞ்சின்! அந்தக் காரில் பழகிய பையன்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். அவர் பேர் உங்களுக்கெல்லாம் தெரியும். கார் கட்டினவர் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1995இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். வயது நாற்பத்தொன்றுதான். கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற பந்தயத் தடத்துக்கு அவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்று கோவையில் கட்டின கார்கள் தேசியப் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கவனித்தீர்களா, கோவையில் செய்த கார் பந்தயத் தடத்துக்குள்ளேதான் ஓடுகிறது. ரோட்டுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்தப் பதிவின் சண்டை.

ரோட்டுக்குக் கொண்டுவர முயன்றவர்களும் உண்டு. 1998இல் சான் ஸ்டார்ம் என்று ஒரு ரெண்டு சீட்டு வண்டி, ஃபைபர் உடம்பு, ரெனோ எஞ்சின். அலிபாக்கிலிருந்து சிங்காரா ரோட்ஸ்டர் என்று ஒன்று, கான்டெஸாவில் வந்த இசுசு எஞ்சின். எல்லாம் குறைந்த எண்ணிக்கையோடு மறைந்தன. டி.சி.அவந்தி என்று ஒன்று 2012 டில்லிக் கண்காட்சியில் வந்து பெரிய பேச்சாக இருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் எடை ஒன்றரை டன்னுக்கு மேல். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். பளபளப்பான உடம்பு போட்டுவிட்டால் விளையாட்டுக் கார் ஆகிவிடாது.

இங்கிலாந்தில் ஒருவன் தன் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டினால், 1998 முதல் அரசாங்கமே அந்த ஒரு வண்டியை மட்டும் சோதித்து அனுமதி கொடுக்க முறை வைத்திருக்கிறது. விளக்கு சரியா, பிரேக் சரியா, கூர்மையான விளிம்பு இருக்கிறதா, புகை எவ்வளவு என்று அதிகாரி பார்ப்பார். சரி என்றால் நம்பர் கொடுப்பார்கள். குறை இருந்தால் எழுதிக் கொடுப்பார்கள், திருத்திக்கொண்டு மறுபடி போகலாம். வீட்டுப்பாட நோட்டுத் திருத்துவது மாதிரி.

நம் நாட்டில்? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126வது விதி. வண்டி செய்கிறவர் மாதிரி வண்டி ஒன்றைச் சோதனை நிறுவனத்தில் கொடுத்து முழுச் சோதனையும் தேறி வர வேண்டும். லட்சக்கணக்கில் வண்டி விற்கிறவனுக்கு அது ஒரு செலவே இல்லை, ஒவ்வொரு வண்டியின் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டுவிடுவான். வருடத்துக்குப் பத்து வண்டி செய்ய நினைக்கிற பட்டறைக்காரன் அதே செலவைப் பத்தால் வகுக்க வேண்டும். வகுத்தல் கணக்கு நான்காம் வகுப்பிலேயே வருகிறது.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று சொல்கிறேன். 2018இல் அதே 126வது விதியைத் திருத்தினார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, தன் ஊர்த் தரச்சான்று இருந்தால், வருடத்துக்கு 2,500 கார் வரை இங்கே சோதனை செய்யாமலே இறக்கலாம்! வெளிநாட்டுக் காருக்கு 2,500 வரை தளர்வு. கோயம்புத்தூர்க்காரனுக்கும் நாகர்கோவில்காரனுக்கும் ஒன்றுக்குக்கூட ஒரு சின்ன வழி கிடையாது. மேக் இன் இந்தியா என்று சிங்கப் படம் போட்டவர்கள் காலத்தில்தான் இது. மற்ற கட்சிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 1952இல் லைசென்ஸ் தராதவர்கள் யார் ஆட்சி என்று எல்லாருக்கும் தெரியும். 2024 ஆகஸ்ட் 31இலும் செப்டம்பர் 1இலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் ரோட்டில் ராத்திரி கார் ரேஸ் விட்டார்களே, அதில் ஓடின ஃபார்முலா 4 கார்கள் யார் செய்தவை? பிரான்சின் மிகேல் கம்பெனி. ரேஸ் வேண்டும் வேண்டாம் என்று ரெண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தினீர்கள், கோர்ட்டுக்கும் போனீர்கள். "ஓடுகிற கார் ஏன் நம்ம கார் இல்லை?" என்று ஒருத்தர் கேட்டீர்களா? பந்தயத்தைப் பார்க்கிற கூட்டமாகவே நம்மை வைத்திருக்கிறார்கள், நாமும் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். என் மாணவி ஒருத்தி, இப்போது நர்ஸ், நேற்றே போனில் கேட்டுவிட்டாள்: "டீச்சர், நம்ம ரோட்டுல இதெல்லாம் விட்டா தினமும் ஆக்சிடென்ட் வார்டுக்குத்தானே வருவானுங்க?" சரியான கேள்வி. சைலென்சரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஊரை எழுப்புகிற பயல்களுக்காக நான் ஒரு வார்த்தையும் பேச வரவில்லை. அவன்களைப் பிடித்து உள்ளே போடட்டும். நான் கேட்பது சோதனை வேண்டாம் என்பதல்ல, சின்னவனும் எழுதக்கூடிய பரீட்சை ஒன்றை வையுங்கள் என்பதுதான். வருடம் இத்தனை வண்டிக்கு மேல் கூடாது, இன்ன வேகத்துக்கு மேல் கூடாது, இன்ன காப்புக் கூடு கட்டாயம் என்று எழுதிக்கொள்ளட்டும். ஒரகடத்தில் பெரிய சோதனை நிலையம் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே மாதத்தில் ஒரு நாள் சின்னப் பட்டறைக்காரர்களுக்கு ஒதுக்கினால் சோதனைத் தடம் தேய்ந்தா போய்விடும்?

கல்லூரிகளையும் சும்மா விட முடியாது. நம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தாலும் பொறியியல் கல்லூரி காம்பவுண்டில்தான் விழும். ஆனால் கடைசி வருடப் புராஜெக்ட்டை எங்கே வாங்குகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். கடையில் காசு கொடுத்தால் ஃபைல், மாடல், கேட்கப்போகிற கேள்விக்குப் பதில் எல்லாம் ஒரே பையில் போட்டுத் தருகிறான். மளிகைக் கடை தோற்றது. கோவென்ட்ரியில் புராஜெக்ட் கார் ஆனது. இங்கே பைண்டிங் செய்த புத்தகமாகி அலமாரியில் கரையான் தின்கிறது. ரெண்டு வருடப் பயிற்சிச் சான்றிதழோடு வேலைக்குப் போன நான் இதைச் சொல்ல அருகதை இருக்கிறதா என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை காந்தத்தை வைத்து ஏதாவது செய்துகொண்டு வந்தால், அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு அந்த ரெண்டு வருடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவு போதும்.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மருமகனே, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும்.

என் அண்ணன் பேரன் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். அவனும் கூட்டாளிகள் பதினோரு பேரும் சேர்ந்து ஒரு கார் கட்டுகிறார்கள். ஜனவரியில் கோவையில், அதே கரிவரதன் பேர் வைத்த தடத்தில், ஃபார்முலா பாரத் என்று மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டின கார்களுக்கான போட்டி நடக்கும். அதற்காக. எஞ்சின் கே.டி.எம். 390 பைக்குடையது, 373 சிசி. விதிப்படி எஞ்சினுக்குக் காற்று போகும் வழியை 20 மில்லிமீட்டருக்குச் சுருக்க வேண்டும். அதற்குள் எப்படிச் சக்தியைக் காப்பது என்பதுதான் இந்தப் பிள்ளைகளின் தலைவலி. நான் போய்ப் பார்த்தேன். குழாய்க் கூடு முடிந்துவிட்டது. ஒரு வெல்டிங் பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. மொத்த வண்டியும் 240 கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாகத்தையும் பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்து நோட்டில் குறித்திருந்தார்கள். அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று எழுதினால் சினிமா மாதிரி இருக்கும், விடுங்கள்.

கல்லூரியில், "பிளேஸ்மென்ட் வருகிறது, இதை மூட்டை கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் அப்பன் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறான். "அத்தே, நீங்க அவனை ஏத்தி விடாதீங்க. சாஃப்ட்வேர் கோர்ஸ் ஒண்ணு முடிச்சான்னா எங்கயாவது ஒட்டிக்கிடுவான்." மருமகனே, உன் பயம் எனக்குப் புரிகிறது. வீட்டுக் கடனும் தெரியும். ஆனால் ஒட்டிக்கொள்வதற்கு ஒரு கம்பெனி அவனிடம் கேட்கப்போவது என்ன? நீ என்ன செய்தாய் என்றுதான். பதினோரு பேரோடு சண்டை போட்டு, சமாதானம் ஆகி, காசு தேற்றி, கணக்கு எழுதி, குழாய் வளைத்து, ஒரு வண்டியை ஓட வைத்தேன் என்று சொல்கிறவனுக்கும், கடையில் வாங்கின புராஜெக்ட்டை ஒப்பிக்கிறவனுக்கும் வித்தியாசம் தெரியாதவன் கம்பெனி நடத்தமாட்டான். உன் மகன் நாகர்கோவிலின் ஜி.டி.நாயுடு ஆவான் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடு என்றுதான் சொல்கிறேன். கட்டணம் என் பென்ஷனிலிருந்து போகிறது, அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

மற்றவர்களுக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கிற என் மாணவர்கள் ஒன்பது பேராவது இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். சஸ்பென்ஷன் பற்றி இந்தப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வீடியோ கால் போதும். குளச்சல், முட்டம் பக்கம் ஃபைபர் வேலை செய்கிறவர்கள், மூக்குப் பகுதிக்கு அச்சு எடுப்பது எப்படி என்று ஒரு நாள் வந்து காட்டிக் கொடுங்கள். துபாய்க்காரனே, வெள்ளைக்காரன் மூளை என்று எழுதினாயே, நாலு டயர் உன் கணக்கு.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் பட்டறையில்தான் இருப்பேன். இடம் தெரியாதவர்கள் போன் பண்ணுங்கள். மைலேஜ் கேட்டவரும் வரலாம். அந்தப் போட்டியில் நீண்ட தூரம் ஓட்டி முடித்த பிறகு எவ்வளவு பெட்ரோல் குடித்தது என்று அளந்து அதற்கும் மதிப்பெண் போடுகிறார்களாம். பையன் கணக்கு வைத்திருக்கிறான், அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.